கல்லைப் படிக்கும் உத்தியோகம்

"உத்தியோகம் புருஷ லக்ஷணம்" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். இந்நாளில் அது ஸ்திரீ லக்ஷணமும் ஆகிவிட்டது, நல்லதே. ஆனால் எந்த உத்தியோகம் என்று கேட்டால், நம் குடும்பங்களில் வரும் விடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். டாக்டர், இஞ்சினீயர், வக்கீல், பாங்கி உத்தியோகஸ்தர். ஜாதகம் பலமாயிருந்தால் கலெக்டர். 'சர்க்கார் பூகர்ப்ப சாஸ்திரி' என்று எந்தத் தகப்பனாரும் சொல்ல நாம் கேட்டதில்லை. உபாத்தியாயத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டோம். நம்மிடம் படித்த பிள்ளைகளில் ஒருவரேனும் அப்படிச் சொன்னதுமில்லை.

பூமியின் வயிற்றில் இருப்பதை ஆராயும் கலைக்குப் பூகர்ப்ப சாஸ்திரம் என்று நம் முன்னோர் பெயரிட்டார்கள். இன்று நிலவியல் என்றும் புவியியல் என்றும் வழங்குகிறோம். அதில் அண்மைக் காலத்தில் தழைத்த ஒரு கிளைக்குச் சுற்றுச்சூழல் நிலவியல் என்று பெயர். மனிதன் செய்யும் காரியங்களால் மண்ணுக்கு என்ன நேரும், மண்ணில் உண்டாகும் மாறுதல்களால் மனிதனுக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டியே கணித்துச் சர்க்காருக்கு அறிவிப்பது இக்கலை வல்லவரின் கடமை. பழைய பூகர்ப்ப சாஸ்திரியிடம் அரசாங்கம் கேட்ட கேள்வி, "எங்கே தோண்டலாம்?" என்பது. இவரிடம் கேட்கும் கேள்வியோ, "எங்கே தோண்டலாகாது?" என்பது. இவ்விரண்டாவது கேள்வியின் அருமையை எடுத்துச் சொல்ல நாம் நேயர்களைச் செஞ்சிச் சீமைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

வல்லத்துக் கிணறுகள்

வல்லம் என்றதும் பலருக்குத் தஞ்சாவூருக்கு அருகிலுள்ள ஊரே நினைவுக்கு வரும். நாம் சொல்லும் வல்லம், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில் இருக்கிறது. 1993 வரை தென்னார்க்காடு ஜில்லாவில் அடங்கியிருந்து, இப்போது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை இடம். நெல்லும் மணிலாக்கொட்டையும் விளையும் பூமி. ஏரிக்கும் கிணற்றுக்கும் வானமே துணை.

இப்பக்கம் வருவோர் கண்ணில் முதலில் படுபவை செஞ்சி மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி முதலிய குன்றுகளில், யானை யானையான பாறைகளை யாரோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். 1677-ல் சிவாஜி மகாராஜா கைப்பற்றிய கோட்டை இது. 1690 முதல் 1698 வரை மொகலாயச் சேனை இதை முற்றுகையிட்டுக் கிடந்தது. 2025 ஜூலை மாதத்தில், மராத்தியர்களின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றது. பார்க்க வருவோர் எல்லோரும், "இந்தப் பாறைகளை யார் அடுக்கினார்கள்?" என்று வியக்கிறார்கள்.

அடுக்கியவை மழையும் வெயிலும் காலமும்தாம். இக்குன்றுகளின் கருங்கல் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் குழம்பாயிருந்து இறுகியது. இறுகிய கல்லில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் விழுந்தன. வெடிப்பு வழியே நீர் இறங்கி, ஓரங்களை அரித்துப் பொடியாக்கியது. மலைமேல் அந்தப் பொடியை மழை அடித்துச் சென்றது. நடுவிலிருந்த உறுதியான கற்கள் மட்டும் உருண்டையாக நின்றுவிட்டன. சமவெளியிலோ அந்தப் பொடி போகவில்லை. மக்கிய பாறையாகத் தரைக்கடியில் தங்கி, மழை நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக் கொண்டது. ஆகவே, மேலே பாறைகளை உருட்டி வைத்த அதே வேலைதான் கீழே கிணற்றுக்கும் நீர் தந்தது. வல்லம் வட்டாரத்துக் கிணறுகளின் ரகசியம் இதுவே.

இந்தப் பஞ்சு மெல்லியது. பெரும்பாலும் நூறு அடிக்குள் முடிந்துவிடும். அதற்குக் கீழே முழுக் கல். அதில் ஆங்காங்கே உள்ள வெடிப்புகளில் மட்டுமே நீர் உண்டு. நம் பாட்டனார் காலத்துக் கிணறு மக்கிய பாறையோடு நின்றது. ஏற்றம் ஓய்ந்த நேரத்தில் ஊற்று மீண்டும் சுரந்தது. மின்சாரப் பம்பு வந்த பிறகு கிணறு ஆழப்பட்டது. ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு கல்லையே துளைத்தோம். ஆழம் போகப் போக வெடிப்புகள் குறைவு என்பது இக்கல்லின் இயல்பு. ஐந்நூறு அடியில் கிடைக்காத நீர் ஆயிரம் அடியில் கிடைக்கும் என்று நம்பி, நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் எத்தனை! அக்குடும்பங்களுக்கும் கடனுக்கும் நடுவே நின்று உண்மையைச் சொல்ல வேண்டியவரே நம் பூகர்ப்ப சாஸ்திரி.

உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு வயலில் நடந்து, "இங்கே நீரோட்டம்" என்று காட்டுபவரை எல்லோரும் அறிவோம். சர்க்கார் நிபுணர் வேறு விதம். நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில் தரையில் அடிக்கிறார். வெளிக் கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரத்தைச் செலுத்தி, நடுக் கம்பிகள் இரண்டுக்கும் இடையே அது எவ்வளவு தடைப்படுகிறது என்று அளக்கிறார். காய்ந்த முழுக்கல் மின்சாரத்தைத் தடுக்கும். நீர் ஊறிய மக்கிய பாறை விடும். கம்பிகளை அகல வைக்க வைக்க, ஆழத்துச் செய்தி கிடைக்கிறது. "இவ்விடத்தில் துளையிட வேண்டாம்" என்று அவர் எழுதும் ஒரு வரி, ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்றும்.

ஒரு கிணற்றோடு அவர் வேலை முடிவதில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தார் தேசமெங்கும் கண்காணிப்புக் கிணறுகளைத் தெரிந்தெடுத்து, ஜனவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டத்தை அளக்கிறார்கள். மழையால் எவ்வளவு உள்ளே போயிற்று, பம்பினால் எவ்வளவு வெளியே வந்தது என்று வட்டாரம் வட்டாரமாகக் கணக்கு எழுதுகிறார்கள். ஆண்டுதோறும் எடுக்கத் தகும் நீரில் நூற்றுக்கு எழுபது வரை எடுத்தால் பத்திரம். தொண்ணூறு வரை அரை அபாயம். நூறு வரை அபாயம். நூறைத் தாண்டினால் அளவுக்கு மீறிய சுரண்டல். மாதச் சம்பளத்தில் இத்தனை செலவு செய்கிறோம் என்று குடும்பத் தலைவி எழுதும் கணக்குக்கும் இதற்கும் பேதமில்லை. நூறுக்கு மேல் செலவழிப்பவன் முதலில் கை வைப்பது முன்னோர் சேர்த்த பொருளில்தானே!

செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் இக்கணக்கை ஏட்டில் எழுதவில்லை. ஆனால் மனத்தில் வைத்திருந்தார்கள். மலையில் விழும் ஒவ்வொரு துளியையும் சுனையிலும் குளத்திலும் தேக்கினார்கள். அடிவாரத்துச் செட்டிகுளமும் சக்கரக்குளமும் இன்றும் சாட்சி. நீர் இல்லாத கோட்டை எட்டு நாளும் தாங்காது. இக்கோட்டை எட்டு ஆண்டு தாங்கியது.

கம்பெனி கேட்ட கேள்வி

இந்த உத்தியோகத்தின் பூர்வ சரித்திரமும் சுவையானது. கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு நீராவிக் கப்பலுக்கும் ரயிலுக்கும் நிலக்கரி வேண்டியிருந்தது. அதைத் தேடுவதற்காக 1851-ல் தாமஸ் ஓல்தாம் என்பவரைக் கல்கத்தாவுக்கு வரவழைத்தார்கள். அன்று பிறந்ததே இந்திய பூகர்ப்ப சர்வே. அவருக்குப் பின் வந்தவர்கள் தென்னாட்டையும் கால்நடையாக அளந்தார்கள். வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் பூட்டும் சேலம், திருச்சி, தென்னார்க்காடு ஜில்லாக்களின் பாறைகளை ஆராய்ந்து 1864-ல் நூல் வெளியிட்டார்கள். அந்தப் பூட்தான் 1863 மே 30-ந் தேதி பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கல் கோடரியைக் கண்டெடுத்தவர்.

சென்னைப் பறங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள ஒருவகைக் கருங்கல்லுக்குச் 'சார்னகைட்' என்று உலகமெங்கும் பெயர். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறை நம் சென்னைக் கல்லால் ஆனது என்பதைக் கவனித்து, தாமஸ் ஹாலண்ட் என்ற அதிகாரி இப்பெயரைச் சூட்டினார். ஹாலண்டின் பெயரோடு இன்னொரு கதையும் சேர்ந்திருக்கிறது. வங்காளத்தைச் சேர்ந்த பிரமத நாத் போஸ் 1880-லிருந்து சர்வேயில் உழைத்தவர். தலைமைப் பதவி அவரைத் தாண்டி, அவருக்கு இளையவரான ஹாலண்டுக்குப் போயிற்று. போஸ் 1903-ல் ராஜிநாமாக் கொடுத்துவிட்டு வெளியேறினார். மறு ஆண்டில் மயூர்பஞ்சு சமஸ்தானத்து இரும்புச் சுரங்கத்தைப் பற்றி ஜம்ஷெட்ஜி டாட்டாவுக்கு அவர் எழுதிய கடிதமே டாட்டா இரும்பாலைக்கு அஸ்திவாரமாயிற்று. சர்க்கார் இழந்ததைத் தேசம் பெற்றது.

சர்வே பிறந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, 1951-ல் அதன் தலைமைப் பீடத்தில் முதல் இந்தியர் அமர்ந்தார். அவர் ஒரு தமிழர். தஞ்சை ஜில்லா மகாராஜபுரத்தில் 1898-ல் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன் அவர்களே அவர். 1924-ல் சர்வேயில் சேர்ந்தவர். இந்தியா, பர்மா தேசங்களின் நிலவியலைப் பற்றி அவர் எழுதிய நூல் தலைமுறை தலைமுறையாக மாணவர் கையில் இருந்து வருகிறது. சினிமா நடிகர்களின் பிறந்த நாளை மனப்பாடமாகச் சொல்லும் நம் பிள்ளைகளில் இவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

முன்னும் பின்னும்

சர்க்கார் நிலவியல் நிபுணரின் தராதரம், விபத்துக்கு முன் அவர் என்ன சொன்னார் என்பதில் இருக்கிறது. இதற்கு மூன்று உதாரணங்கள் காட்டுவோம்.

முதலாவது, பழைய தென்னார்க்காட்டிலேயே உள்ள நெய்வேலி. கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. ஆராய்ந்ததில் பழுப்பு நிலக்கரி என்று தெரிந்தது. 1957-ல் சுரங்க வேலை ஆரம்பமாகி, 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. ஆனால் அக்கரிக்கு அடியில் அழுத்தம் மிகுந்த நீர்ப்படுகை ஒன்று இருந்தது. அழுத்தத்தைத் தணிக்காமல் தோண்டினால், நீர் அடித்தளத்தைப் பிளந்து சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். ஆகவே இரவும் பகலும் பம்பு வைத்து நீரை இறைத்துக் கொண்டே கரி எடுக்க நேர்ந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே கரி வெட்ட நீர் புறப்பட்டது. தேசத்துக்கு மின்சாரம் கிடைத்தது உண்மை. அந்நீர் யாருடைய கிணற்றைச் சேர வேண்டியது என்ற கேள்வியும் உண்மை. இரண்டையும் ஒரே அறிக்கையில் எழுத வேண்டியவர் நம் நிபுணர்.

இரண்டாவது, சென்னைக்கு வடக்கே மீஞ்சூர். பட்டணத்துக்கும் ஆலைகளுக்கும் வயல்களுக்கும் அங்கே நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தார்கள். நன்னீர் பின்வாங்கிய இடத்தில் கடல்நீர் தரைக்கடியில் நுழைந்தது. 1960-களின் இறுதியிலேயே நிபுணர்கள் கண்டு சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அடுத்து வந்த ஆண்டுகளில் உப்பு மேலும் பல கிலோமீட்டர் உள்ளே ஏறியது. 1987-ல் சென்னைப் பிரதேசத்துக்கு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்கும் 2003-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள்; அது நடைமுறைக்கு வராமலே 2013-ல் ரத்தாயிற்று. வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டியைக் கட்டாயமாக்கிய 2003-ம் ஆண்டின் ஏற்பாடு மட்டும் பலருக்கு நினைவிருக்கிறது.

மூன்றாவது, மலைச் சரிவு. நீலகிரியில் 1978, 1979, 1993, 2009 ஆகிய ஆண்டுகளில் மழைக் காலத்தில் மலை இறங்கி உயிர்களைக் கொண்டு போயிற்று. பிறகு சர்வேயார் எந்தச் சரிவு இளக்கமானது, எது உறுதியானது என்று படம் வரைந்தார்கள். 2020 முதல் நீலகிரி நிர்வாகத்துக்கு மழைக் காலத்தில் தினந்தோறும் சரிவு முன்னறிவிப்பு அனுப்பிப் பரீட்சித்தும் வந்தார்கள். 2024 ஜூலை 19-ல் கல்கத்தாவில் தேசிய மலைச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறந்தார்கள். பதினோராம் நாள் வயநாட்டில் மலை சரிந்து ஊர்களே மண்ணில் புதைந்தன. சாஸ்திரம் நடை பழகிக் கொண்டிருக்கையில் மலை ஓடிவிட்டது.

அவை தூரத்து மலைகள் என்று செஞ்சிச் சீமையார் எண்ணியிருக்கலாம். 2024 டிசம்பர் 1-ந் தேதி அந்த எண்ணமும் போயிற்று. 'பெங்கல்' புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்று செஞ்சிக்கு மேற்கே திருவண்ணாமலையில், மலையடிவாரத்து வீடொன்றின்மேல் பாறையும் மண்ணும் சரிந்து ஏழு உயிர்கள் மடிந்தன. அவர்களில் ஐவர் குழந்தைகள். ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி ஒரு நாளில் பெய்தால், பாறைக்கு அடியிலுள்ள மக்கிய மண் குழைந்துவிடும். மேலே கிடக்கும் உருண்டைக் கல்லுக்குப் பிடிப்பு ஏது? வல்லத்துக் கிணற்றுக்கு நீர் தரும் அதே மக்கிய பாறை, சரிவில் வீடு கட்டியவனுக்கு எமனாக முடியும். எவ்விடத்தில் அது தாய், எவ்விடத்தில் பேய் என்று வீடு எழும்புமுன் சொல்ல வல்லவர் ஒருவரே.

மேஜையும் மலையும்

இளம் அதிகாரியாக இருக்கையில் இவருக்கு மலையே காரியாலயம். சுத்தியல், திசைகாட்டி, பூதக்கண்ணாடி, நோட்டுப் புத்தகம் ஆகியவையே சொத்து. பதவி உயர உயர மலை விலகி மேஜை நெருங்குகிறது. மூத்த நிபுணர் முன் வந்து சேரும் கட்டுகளில் பாதி, குவாரி சம்பந்தமானவை.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையை எடுத்துக் கொள்ளுங்கள். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்றில் அடித்து வந்து மணலில் புதைந்த மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. 1781-ல் சொன்னெராத் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பற்றி எழுதினார். இன்று அவ்விடம் சர்வேயாரின் காவலிலுள்ள தேசிய நிலவியல் சின்னம். அதே சுற்றுப்புறம் கருங்கல் குவாரிகளுக்கும் பேர்போனது. நம் வீடும் ரஸ்தாவும் ஜல்லியின்றி எழும்பா. குவாரியே கூடாது என்பவர் மண் குடிசையில் வசிக்கத் தயாராக வேண்டும். ஆனால் குவாரியின் ஆழம் அக்கம்பக்கத்து நீர்மட்டத்தைத் தாண்டினால், ஊர்க் கிணறுகள் குவாரிக் குழியில் வடியும். வெடியால் ஊர்ச் சுவர் விரியும். குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்று தமிழ்நாட்டுச் சிறு கனிம விதிகள் சொல்கின்றன. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

விதி ஏட்டில் இருக்கிறது. அளவுநாடாவைப் பிடித்து இருநூற்றைம்பதா, முந்நூறா என்று எழுத வேண்டியது மனிதனின் கை. ஒரு பக்கம் குத்தகைதாரர், ஒரு பக்கம் வருமானத்தை எதிர்பார்க்கும் கஜானா, ஒரு பக்கம் வேலையை எதிர்பார்க்கும் கூலியாட்கள், இன்னொரு பக்கம் கிணறு வற்றிய குடியானவன். இவர்களுக்கு நடுவே உட்கார்ந்து, காரணத்தோடு 'கூடாது' என்றோ, நிபந்தனைகளோடு 'ஆகலாம்' என்றோ எழுத வேண்டும். கடைசி உத்தரவு அவருடையதன்று, அவர் ஆலோசகரே. அவர் எழுதியதை மீறி உத்தரவு வரலாம். ஆனால் அவர் எழுதாமல் விட்டால், பிற்பாடு நியாய ஸ்தலத்தில் வழக்காடுவோருக்குப் பிடித்துக் கொள்ள ஒரு கொம்பும் இராது. இந்த உத்தியோகத்தின் கௌரவம் முழுதும் அந்தக் காகிதத்தில் அடங்கியிருக்கிறது. அவர் தடுத்த விபத்தை ஒருவரும் பார்க்கப் போவதில்லை. ஆகவே அதற்காக மாலை போடுவாரும் இல்லை. இதைத் தாங்கும் மனம் உடையவருக்கே இவ்வேலை பொருந்தும்.

வழி என்ன?

பெற்றோர்கள் கேட்கக் கூடிய கேள்விக்குச் சுருக்கமாக விடை சொல்வோம். சென்னை பிரஸிடென்ஸி கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், திருச்சி நேஷனல் கல்லூரி முதலிய இடங்களில் இப்பாடம் உண்டு. எம்.எஸ்ஸி. தேறியவர்கள் மத்திய சர்வீஸ் கமிஷன் நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானிப் பரீட்சையை எழுதலாம். அதில் தேறுவோரே பூகர்ப்ப சர்வேயிலும் நிலத்தடி நீர் வாரியத்திலும் சேர்கிறார்கள். சர்வேக்குப் போவோருக்கு ஹைதராபாத்தில் பயிற்சி நிலையம் இருக்கிறது. மாநிலத்தின் உதவி ஜியாலஜிஸ்ட் பதவிக்கு நம் மாநில சர்வீஸ் கமிஷனின் பரீட்சை. கணிதமும் ரசாயனமும் வேண்டும். அவற்றைக் காட்டிலும் வெயிலில் நடக்கும் கால் வேண்டும். தன் ஜில்லாவின் மண்ணைத் தமிழில் குடியானவனுக்கு விளக்கும் நாவும் வேண்டும். இங்கிலீஷில் நாற்பது பக்க அறிக்கை எழுதி, கிணற்றுக்காரனிடம் நாலு வார்த்தை பேச முடியாதவரால் ஊருக்கு என்ன பயன்?

உத்தியோகஸ்தருக்குத் துணை நிற்பது ஜனங்களின் பொறுப்பு. 2016-ம் ஆண்டு மத்திய சர்க்கார் விதித்தபடி, மாவட்டந்தோறும் மணல், கல் முதலிய கனிமங்களைப் பற்றி ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டும். எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்கலாகாது என்பது அதில் இருக்கும். முடிவாக்குமுன் அதன் நகலை ஜனங்களின் பார்வைக்கு வைத்து, 21 நாள் அபிப்பிராயம் கேட்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை அச்சிட்டால் ஒரு எழுத்துப் பிழைக்காக நாலு முறை படித்துப் பார்க்கிறோம். நம் ஊர்க் கிணற்றின் தலையெழுத்தை அச்சிட்டு வைத்திருக்கும் இந்த அறிக்கையை எத்தனை பேர் படித்தோம்?

ஒவ்வோர் ஊரிலும் எழுதப் படிக்கத் தெரிந்த பத்துக் குடும்பத்தார் சேர்ந்தால் போதும். மே மாதத்திலும் மழை ஓய்ந்த ஜனவரியிலும் தத்தம் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, தேதியோடு குறித்து வைக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்துவிடுவார்கள். அறிக்கை வெளியாகும்போது அக்குறிப்பை எடுத்துக் கொண்டு போய்க் கலெக்டர் காரியாலயத்தில் எழுத்து மூலம் கொடுக்கட்டும். கூடாது என்று எழுதத் துணியும் அதிகாரிக்கு, ஊரார் எழுதிய கணக்கைப் போன்ற பலம் வேறில்லை. வெள்ளம் வருமுன் அணை கோலச் சொன்னார்கள் பெரியோர். இக்காலத்து அணை கல்லால் மட்டும் ஆனதன்று. அந்த 21 நாளில் நாம் கொடுக்கும் ஒரு தாளும் அணைதான்.